ரவுட்டரை அணைப்பதற்கு முன்னால்

வீட்டில் நெட் நின்றுபோனால் எல்லோருடைய கையும் முதலில் போவது ரவுட்டரின் பவர் பட்டனுக்குத்தான். அணை, பத்து வரை எண்ணு, திரும்பப் போடு. கஸ்டமர் கேரில் பேசுகிறவர் சொல்வதும் அதையேதான். அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பாதி நேரம் வேலை செய்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது: அந்தப் பெட்டிக்குள் இருக்கும் நினைவகம் ரொம்பக் கொஞ்சம், வீட்டிலுள்ள ஒவ்வொரு போனும் டிவியும் வெளியே திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் அது ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பட்டியல் நிரம்பிவிட்டால் புது இணைப்பை எடுக்காது, அணைத்துப் போட்டால் பட்டியல் காலி. கம்பெனியோடு இருக்கும் லாகின் பாதியில் தொங்கிப் போயிருந்தாலும் அதுவும் புதிதாகத் தொடங்கும்.

ஆனால் அணைத்த அந்த நொடியில், என்ன கோளாறு என்று காட்டிக்கொண்டிருந்த தடயம் எல்லாம் போய்விடுகிறது. சரியாகிவிட்டால் சந்தோஷம். அரை மணி நேரத்தில் மறுபடி நின்றால்? மறுபடி அணைப்போம். இப்படியே ஒரு வாரம் ஓட்டுகிற வீடுகளை எனக்குத் தெரியும், கடைசியில் நாலாயிரம் ரூபாய்க்குப் புது ரவுட்டர் வாங்கி வைப்பார்கள், அதுவும் நிற்கும். அதனால் நெட் நின்றால் முதல் இரண்டு நிமிடம் எதையும் தொடாதீர்கள், பாருங்கள் என்பதுதான் என் கட்சி. இதைச் சொல்ல ஈரோட்டில் அக்கா வீட்டில் நடந்ததுபோல வேறு கதை என்னிடம் இல்லை.

இரண்டு மாடி வீடு. கீழே ஹாலில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி, நாம் எல்லோரும் மோடம் என்று சொல்வது, ரவுட்டரும் அதற்குள்ளேயே. அதிலிருந்து ஒரு லேன் வயர் மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரிக்குப் போகிறது, அங்கே எட்டு போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று, அதாவது ஒரு வயரில் வருவதைப் பல வயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அந்த ஸ்விட்சிலிருந்து சிசிடிவி ரெக்கார்டருக்கு ஒன்று, ஹால் டிவிக்கு ஒன்று, மச்சான் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டருக்கு ஒன்று, அப்புறம் மாடிக்கு இரண்டு. வீடு கட்டும்போதே பைப்பில் இழுத்துவிட்ட வயர்கள். மாடி ஹாலில் ஒரு வயர் டிவிக்கு, இன்னொன்று பழைய ரவுட்டர் ஒன்றுக்கு. கீழே உள்ள வைஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே ஏறாது என்பதால் அந்தப் பழைய ரவுட்டரை மாடிக்கு வைஃபை கொடுக்க மட்டும் வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், நானே சொல்லியிருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாரக் கடைசியிலிருந்து நெட் படுத்துவிட்டது. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, தோன்ற நியாயமும் இல்லை. பெயிண்ட் அடித்தவர்கள் மோடத்தின் பக்கமே போகவில்லை, அதன்மேல் போட்ட பழைய வேட்டி அப்படியே இருந்தது என்று அக்கா சத்தியம் செய்தாள்.

அக்கா மகள் பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவள்தான் முதலில் போன் செய்தாள். "மாமா, வைஃபை ஃபுல்லா காட்டுது, ஒண்ணுமே ஓபன் ஆகல. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் போட்டா வாட்ஸ்அப்ல ரெண்டு மெசேஜ் வந்து விழுது, அப்புறம் அப்படியே நின்னுடுது." அவள் போனில் டேட்டாவை வைத்துக்கொண்டு மீட்டிங் ஓட்டிக்கொண்டிருந்தாள். புகார் கொடுத்து லைன்மேனும் வந்து போயிருக்கிறார். அவர் ஃபைபரைக் கழற்றி மீட்டரில் வைத்து வெளிச்சத்தின் பலத்தைப் பார்த்திருக்கிறார், மைனஸ் 21 டிபிஎம். அது நல்ல அளவு. வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபரில் ஏறக்குறைய மைனஸ் 27 வரை பெட்டி தாங்கும், அதற்குக் கீழே இறங்கினால்தான் தள்ளாடும். அப்புறம் அவர் மோடத்தில் சொருகியிருந்த லேன் வயரை உருவி, தன் லேப்டாப்பை அந்த ஓட்டையில் மாட்டி, ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டியிருக்கிறார். கட்டிய பணத்துக்கு உண்டான வேகம் முழுசாக வந்திருக்கிறது. "நம்ம சைடு எல்லாம் பக்காவா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, வயரைப் பழையபடி சொருகிவிட்டுப் போய்விட்டார்.

போனதும் நெட் நின்றுவிட்டது.

மச்சானுக்குக் கோபம். "அவன் இருக்கறப்ப மட்டும் வருது மாப்ள, அந்தாண்ட போனதும் போயிடுது. ஆபீஸ்ல இருந்து ஏதோ பண்றாங்க." அக்கா மகளும் சேர்ந்துகொண்டாள், ஆமாம் மாமா, அவர் இருந்த வரைக்கும் என் போன்லகூட நல்லா வந்துச்சு.

என்னைக் கேட்டால் அந்த வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. லைன்மேன் இருந்தபோது என்ன வித்தியாசம்? ஒரே ஒரு வயர் கழன்றிருந்தது. மோடத்திலிருந்து அலமாரி ஸ்விட்சுக்குப் போகிற வயர். அது கழன்றிருந்தவரை வைஃபையும் சேர்ந்து நன்றாக வேலை செய்திருக்கிறது. அப்படியானால் லைன் நல்ல லைன், மோடம் நல்ல மோடம், அந்த வயருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று மொத்த வீட்டையும் கீழே இழுக்கிறது. லைன்மேன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

இருந்தாலும் நேரில் போய்த்தான் பார்த்தேன், கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். போனதும் மச்சான் பவர் பட்டனில் கை வைக்கப் போனார், வேண்டாம் என்றேன்.

முதலில் மோடத்தின் விளக்குகள். இவற்றைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பான் என்று எழுதியிருப்பது நிலையாகப் பச்சையில் இருந்தால் தெருவிலிருந்து வெளிச்சம் ஒழுங்காக வந்து சேர்கிறது, கம்பெனியின் கருவியோடு பெட்டி பேசிவிட்டது. லாஸ் என்பது சிவப்பில் எரிந்தால் ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது, அன்றைக்கு நீங்கள் வீட்டுக்குள் என்ன செய்தும் பிரயோஜனம் இல்லை, புகார் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். இங்கே பான் பச்சை, லாஸ் இல்லை, இன்டர்நெட் விளக்கும் பச்சை. லேன் விளக்கு மட்டும் மின்னவே இல்லை, ஒரேயடியாக எரிகிற மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது, எரியவில்லை, கண்ணால் பிரிக்க முடியாத வேகத்தில் துடிக்கிறது.

அடுத்தது பிங். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் தன் நெட்வொர்க்கில் ஏதோ ஒன்று ஒழுங்காக நடக்காததால் அதைக் கண்டுபிடிக்க எழுதிய சின்ன புரோகிராம், ஒரு பெட்டியைத் தட்டி அதன் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும், இன்றைக்கும் இதைவிட நல்ல ஆயுதம் வீட்டுக்குக் கிடையாது. பெரும்பாலானோர் இதை வைத்து கூகுளைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் முதலில் தட்டுவது வீட்டு ரவுட்டரையே, அங்கே அது 192.168.1.1. காரணம் சுலபம்: கூகுள் பதில் சொல்லாவிட்டால் நடுவில் இருக்கும் பத்து இடத்தில் எங்கு வேண்டுமானாலும் கோளாறு இருக்கலாம், ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் பெட்டி பதில் சொல்லாவிட்டால் கோளாறு வீட்டுக்குள்தான், கஸ்டமர் கேருக்குப் போன் போட வேண்டிய அவசியமே இல்லை. அக்கா மகளின் லேப்டாப்பை மோடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தோம். இரண்டு மில்லிசெகண்டில் வர வேண்டிய பதில் முதலில் ஒழுங்காக வந்தது, அடுத்தது எண்ணூறு சொச்சம், அதற்கடுத்தது இரண்டாயிரத்தைத் தாண்டியது, பிறகு பதிலே இல்லை, டைம்டு அவுட், டைம்டு அவுட். நாலடி தூரத்தில் இருக்கிற பெட்டி!

பிங்கை ஓடவிட்டபடியே, லைன்மேன் செய்ததை நானும் செய்தேன். மோடத்திலிருந்து அலமாரிக்குப் போகும் வயரை உருவினேன். திரையில் எண்கள் ஒரே மூச்சில் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு என்று இறங்கின. சொருகினேன், மறுபடி ஆயிரங்கள். மச்சான் அதைப் பார்த்ததும் கம்பெனிக்காரன் மேல் இருந்த கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அலமாரிக்குப் போவதற்கு முன் இன்னொரு சாட்சி. மச்சான் கம்ப்யூட்டரில் ஐபி முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்கியது. இந்த எண்ணை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் சேர்ந்ததும் "எனக்கு ஒரு முகவரி யாராவது கொடுங்கள்" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தும், ரவுட்டர் பதில் சொல்லும், நாலு வரி பேச்சில் விஷயம் முடியும். இதுதான் டிஎச்சிபி. யாருமே பதில் சொல்லவில்லையென்றால் அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே 169.254-ல் ஒரு முகவரியை எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆக வயர் உயிரோடு இருக்கிறது, விளக்கு எரிகிறது, கேள்வி கேட்டாயிற்று, ஆனால் கேள்வியோ பதிலோ போய்ச் சேரவில்லை.

அப்புறம் அலமாரி. கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்விட்சில் வயர் சொருகிய எல்லா போர்ட்டின் விளக்கும் ஒரே தாளத்தில், ஒன்றுக்கொன்று துளி பிசகாமல் துடித்துக்கொண்டிருந்தன. சாதாரணமாக அப்படி இருக்காது. ரெக்கார்டர் விளக்கு ஒரு மாதிரி மின்னும், கம்ப்யூட்டர் விளக்கு வேறு மாதிரி, டிவி அணைந்திருந்தால் அதன் விளக்கு எப்போதாவது ஒருமுறை கண்ணைச் சிமிட்டும். இங்கே ஹால் டிவி ஸ்டாண்ட்பையில் கிடக்கிறது, அதன் விளக்குகூட மற்றவற்றோடு சேர்ந்து வெறிபிடித்த மாதிரி அடிக்கிறது. யாருமே கேட்காத ஒன்றை ஸ்விட்ச் எல்லாருக்கும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வயர்களை ஒவ்வொன்றாக உருவி, விளக்கைப் பார்த்து, திரும்பச் சொருகிக்கொண்டே வந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாக உருவினால் எது காரணம் என்று தெரியாது. ரெக்கார்டர், மாற்றமில்லை. ஹால் டிவி, மாற்றமில்லை. கம்ப்யூட்டர், இல்லை. மாடிக்குப் போகும் வயரில் ஒன்றை உருவியதும் சட்டென்று எல்லாம் அடங்கியது. வெளியே ஹாலில் இருந்து அக்கா மகள், "மாமா, வந்துடுச்சு!"

பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அந்த வயர் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பைப்பில் புது வயர் இழுத்து, அதையும் அதே இடத்தில் சொருகி, மறுபடி தலையில் கை வைத்துக்கொள்வார்கள். உருவிய வயரைத் திரும்பச் சொருகினேன், கூத்து மறுபடி ஆரம்பித்தது. இப்போது மாடிக்குப் போகும் இன்னொரு வயரை உருவினேன். அதற்கும் அடங்கியது! இரண்டில் எதை எடுத்தாலும் சரியாகிறது, இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டும் நிற்கிறது. ஆக இரண்டு வயரும் நல்ல வயர்கள்தான். மேலே எங்கோ இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன.

இதற்கு லூப், அதாவது சுற்று, என்று பெயர். கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

லேன் வயரில் கருவிகள் பேசிக்கொள்ளும் முறையான ஈதர்நெட்டை பாப் மெட்காஃப் 1973-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்தில் யோசித்தபோது அது ஒரே நீள வயர். எல்லாக் கம்ப்யூட்டரும் அந்த ஒரே வயரில் தொங்கும், ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும், பேசியது வயரின் முனையில் போய் அழிந்துவிடும். சுற்றி வர வழியே இல்லை. அதனால் பேச்சைச் சுமந்து போகும் தகவல் பொட்டலத்தில் "இத்தனை தடவை கைமாறினால் செத்துப்போ" என்று எழுத யாரும் இடம் ஒதுக்கவில்லை. அதற்கு மேலே ஓடும் ஐபி, அதாவது இணையம் முழுக்கப் பொட்டலங்களை முகவரி பார்த்து அனுப்பும் முறை, அப்படி இல்லை. 1981-ல் வந்த அதன் விதிமுறையிலேயே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஆயுள் எண் ஒன்று உண்டு, அதிகபட்சம் 255, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் தூக்கி எறிந்துவிடுவார்கள். இணையத்தில் எங்காவது வழி தவறிச் சுற்ற ஆரம்பித்தாலும் தானாகவே சாகும். வீட்டு ஸ்விட்ச் அந்த ஆயுள் எண்ணைப் பார்ப்பதே இல்லை, அதற்கு அந்த மொழி தெரியாது.

அப்புறம் ஸ்விட்சுகள் வந்தன. ஸ்விட்சின் வேலை எளிது: யாருக்கு என்று தெரிந்தால் அந்த போர்ட்டில் மட்டும் அனுப்பு, எல்லோருக்கும் என்று வந்தால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பு. "முகவரி கொடுங்கள்" என்ற கத்தல், "192.168.1.1 யாரப்பா?" என்ற விசாரிப்பு எல்லாம் இந்த எல்லோருக்கும் வகை. ஒரு போன் வீட்டுக்குள் நுழைந்தாலே இப்படி நாலைந்து கத்தல் வரும். இப்போது கீழ் ஸ்விட்சுக்கும் மாடிப் பெட்டிக்கும் நடுவே இரண்டு வயர். கத்தல் ஒரு வயரில் மேலே போகிறது, மேலே உள்ள பெட்டி அதை மறு வயரில் கீழே அனுப்புகிறது, கீழ் ஸ்விட்ச் அதைப் புதிதாக வந்ததென்று நினைத்து முதல் வயரில் மேலே அனுப்புகிறது. எதிர்த் திசையிலும் ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வீட்டிலுள்ள மற்ற எல்லாக் கருவிக்கும் ஒரு நகல். சாவே கிடையாது. மாடியில் இருந்த பழைய ரவுட்டரின் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ், அந்த வயரில் மிகச் சின்ன பொட்டலங்கள் நொடிக்கு 1,48,810 வரை போக முடியும், அது கணக்கு. சில நொடிகளில் வயர் அந்தக் கத்தல்களின் நகல்களால் நிரம்பிவிடும், மற்ற எதற்கும் இடமிருக்காது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. எந்தக் கருவி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் கற்றுக்கொள்வது, பொட்டலம் எந்த போர்ட்டில் வந்தது என்பதை வைத்து. சுற்றும் நகல்களால் ஒரே லேப்டாப் முதலில் ஒன்றாம் போர்ட்டில் தெரிகிறது, அடுத்த நொடி ஆறாம் போர்ட்டில், திரும்ப ஒன்றில். ஸ்விட்ச் கற்றதெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் பொய்யாகிறது. ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டிய பொட்டலமும் தப்பான வாசலுக்குப் போகிறது.

வயரில் நடக்கிற கூத்து வைஃபையை ஏன் படுக்க வைக்கிறது என்று அக்கா மகள் கேட்டாள், நல்ல கேள்வி. ரவுட்டருக்கு வைஃபையும் ஒரு போர்ட் மாதிரிதான், எல்லோருக்குமான கத்தல் அங்கேயும் போகும். போவது மட்டுமில்லை, எல்லோருக்குமானதை வைஃபை மிகக் குறைந்த வேகத்தில்தான் ஒலிபரப்பும், தூரத்தில் மூலையில் கிடக்கும் போனுக்கும் கேட்க வேண்டுமே. இதனால் காற்று முழுவதும் அதிலேயே அடைபட்டுப் போகிறது. போனில் வைஃபை கோடு முழுசாகத் தெரிகிறது, ஏனென்றால் அந்தக் கோடு சிக்னலின் பலத்தைத்தான் காட்டும், உள்ளே இடம் இருக்கிறதா என்பதைக் காட்டாது.

இந்தப் பிரச்சினைக்கு 1985-லேயே விடை கண்டுபிடித்தாயிற்று. டெக் என்ற பழைய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி ஒன்றைத் தலைவராக வைத்துக்கொண்டு, சுற்று ஏற்படுத்தும் வழிகளைத் தாங்களே மூடி வைக்கும், இருக்கும் வழி அறுந்தால் மூடியதைத் திறக்கும். அந்த ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைக் கவிதையாகவே எழுதினார் அவர். அலுவலகங்களில் இருக்கும் ஸ்விட்சுகளில் இது உண்டு. நம் வீட்டுக்கு வாங்கும் எட்டு போர்ட் சின்ன ஸ்விட்சில் பெரும்பாலும் கிடையாது, வயரைச் சொருகினால் அனுப்பும், அவ்வளவுதான் அதன் அறிவு.

அலுவலகங்களுக்கும் இது எப்போதும் காப்பு இல்லை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரயேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் நாலு நாள் அளவுக்குப் படுத்துக்கொண்டது. பல வருஷமாக ஸ்விட்சுக்குப் பின்னால் ஸ்விட்ச் என்று சேர்த்துக்கொண்டே போய், ஸ்பேனிங் ட்ரீ தாங்கும் நீளத்தைத் தாண்டிவிட்டார்கள். மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றுக்கும் திரும்பக் காகிதம். அங்கே இருந்த தகவல் துறைத் தலைவர் இதை மறைக்காமல் பிறகு வெளிப்படையாகப் பேசினார், அதனால்தான் நமக்குத் தெரிகிறது. அந்த அளவில் நடந்தால் மருத்துவமனை, சின்ன அளவில் நடந்தால் மாடிப்படி அலமாரி.

சரி, மாடிக்குப் போனோம். புதுப் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. டிவி முன்பு இருந்த சுவரில் இல்லை, எதிர்ச் சுவருக்கு மாறியிருந்தது, அங்கே லேன் வயர் எட்டாது என்பதால் வைஃபையில் போட்டிருந்தார்கள். பழைய சுவரில் இருந்த அலமாரித் தட்டில் பழைய ரவுட்டர், அதன் பின்னால் மஞ்சள் நிறத்தில் நாலு லேன் ஓட்டை, நீலத்தில் ஒன்று. மஞ்சளில் இரண்டு வயர் அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் சொருகியிருந்தன. ஒரு வயரின் தலையில் மட்டும் சாம்பல் நிறத்தில் பெயிண்ட் துளி.

டிவிக்குப் போய்க்கொண்டிருந்த வயர் சும்மா தொங்கியிருக்கிறது. பெயிண்ட் அடித்த பையன்களில் யாரோ ஒருவர், கடைசி நாள் எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வைக்கும்போது, தொங்குகிற வயரையும் காலியாக இருக்கும் ஓட்டையையும் பார்த்து இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேலையில் சுத்தமான ஆள். நீல ஓட்டையில் சொருகியிருந்தால் இந்தச் சுற்று ஏற்பட்டிருக்காது, அது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கானது, மஞ்சள்களோடு உள்ளே சேராது. நாலு மஞ்சளில் ஒன்றாகப் பார்த்து வைத்தார். அக்கா, "நான்தான் அந்தப் பையன்கிட்ட வயரு தொங்காம பாத்துக்கோ சாமின்னு சொன்னேன்" என்றாள். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் சொல்லாததுதான் புத்திசாலித்தனம்.

பெயிண்ட் துளி பட்ட வயரை உருவி அதன் முனையில் மாஸ்கிங் டேப் சுற்றி மார்க்கரில் "மாடி டிவி – சொருகாதே" என்று எழுதினோம். கீழே ஸ்விட்சிலும் அதன் மறுமுனையைக் கழற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் கழன்றிருந்தால் இனி யாராவது ஒரு முனையை எங்கே சொருகினாலும் ஒன்றும் ஆகாது. அக்கா மகள் அலமாரிக் கதவின் உள்பக்கம் எந்த போர்ட் எங்கே போகிறது என்று வரைந்து ஒட்டினாள். லூப்பைக் கண்டுபிடித்துத் தானே மூடுகிற ஸ்விட்சுகளும் கடையில் இருக்கின்றன, விலை கொஞ்சம் கூட, இரண்டு மாடி வீட்டுக்கு அதை வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். மச்சான் டேப்பே போதும் என்றார்.

எல்லா வீட்டிலும் லூப்தான் என்று நினைத்துக்கொண்டு அலமாரியைத் திறக்க வேண்டாம். உண்மையில் நான் அதிகம் பார்ப்பது வேறு. பழைய ரவுட்டரை இப்படி மாடியில் வைக்கும்போது அதன் டிஎச்சிபியை நிறுத்த மறந்துவிடுவார்கள். வீட்டில் முகவரி கொடுக்க இரண்டு பேர் ஆகிவிடும், சில போன்கள் நன்றாக ஓடும், சில போன்கள் வெளியே போக வழி தெரியாமல் நிற்கும், எந்தப் போன் என்பதும் தினம் மாறும். நன்றாக ஓடும் போனிலும் ஓடாத போனிலும் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று ஒப்பிட்டாலே வெளிச்சமாகிவிடும். கூகுளின் முகவரியான 8.8.8.8-ஐ பிங் செய்தால் பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் இடம் படுத்திருக்கிறது. ரவுட்டரில் அதை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும் மெதுவானால், அதுவும் அபார்ட்மெண்ட் என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், சுற்றி இருக்கும் இருபது வீடும் அதிலேதான் நிற்கிறார்கள்; லேன் வயர் மாட்டிப் பார்த்து அதில் நன்றாக வந்தால் வைஃபையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒன்றே, ரவுட்டரை பிங் செய்து கோடு கிழிப்பது: வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா.

மறுநாள் காலையில் லைன்மேன் போன் செய்திருக்கிறார், புகார் இன்னும் ஓபனில் இருக்கிறது, மூடலாமா என்று. மச்சான் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன், மாடியில் இரண்டு வயர், ஒரே பெட்டி, மஞ்சள் ஓட்டை, பெயிண்ட். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஏனுங்ணா, பெருந்துறை ரோட்டுல ஒரு வீட்டுல இதே கம்ப்ளைண்ட்டுங்க. நான் போனா வருது, திரும்புனா போயிடுது. மோடம்கூட மாத்திக் குடுத்துட்டோம்."

"அங்க பெயிண்ட் அடிச்சாங்களா?"

"பெயிண்ட் இல்லீங்க. கட்டில் மாத்திப் போட்டாங்க. போய்ப் பாக்கறனுங்க" என்று வைத்துவிட்டார்.